புதருக்குள் ஒரு பைக் சத்தம்

சர்க்கரை மாத்திரை போட்டோமா இல்லையா என்று தெரியாமல் டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்க்கிற வயது நமக்கு வந்துவிட்டது. காலையில் என்ன சாப்பிட்டோம் என்று கேட்டால் முழிக்கிறோம். மூன்றாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு எந்தக் காதில் தோடு இல்லை என்று கேளுங்கள், டக்கென்று சொல்வோம். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். திருவொற்றியூரில் வளர்ந்த யாராவது படித்தால், அப்படி ஒரு பட்சியை நாங்கள் பார்த்ததே இல்லையே என்பீர்கள். பார்த்திருக்க மாட்டீர்கள். எங்கள் காலடியிலேயே இருந்தும் நாங்களும் ரொம்ப நாள் பார்க்கவில்லை.

எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் ரயில் பாதை வரைக்கும் ஒரு காலி மனை கிடந்தது. யாரோ ஒரு கம்பெனிக்காரர் வாங்கி, சுற்றுச்சுவர் எழுப்பி, ஒரு வாட்ச்மேனையும் போட்டுவிட்டு, அப்புறம் மறந்துவிட்டார். சுவர் ஒரு பக்கம் இடிந்து எங்களுக்கு வழி விட்டது. உள்ளே மணல், மணலில் முழங்கால் உயரத்துக்குப் புல், எருக்கு, ஆவாரை, நடுநடுவே வேலிக்காத்தான். மேற்கே இருந்து காற்றடித்தால் ரப்பர் கருகும் வாசனை வரும். கிழக்கே இருந்து வந்தால் கருவாட்டு வாசனை. இரண்டும் இல்லாத நேரத்தில்தான் அங்கே கடல் இருப்பது ஞாபகம் வரும். இன்றைக்கு அந்த இடத்தில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன.

என் அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் தெற்கே திருச்செந்தூர் பக்கத்துக் கடைக்கார வீட்டுப் பிள்ளை. கல்லாவில் உட்காரப் பிடிக்காமல் ரயிலேறி வந்து, ரப்பர் குழாய் செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்து, காசிமேட்டு மீன்காரர் வீட்டுப் பெண்ணான என் அம்மாவைக் கட்டிக்கொண்டார். அவரிடம் இரண்டு பாஷை இருந்தது. ஊர்க்காரர்களிடம் தெக்கத்திப் பேச்சு, எங்களிடம் மெட்ராஸ் பேச்சு. கோபம் வந்தால் இரண்டும் வராது, வாயை மூடிக்கொள்வார்.

நான் நாலாம் வகுப்பு படித்த அந்த வருஷம் கம்பெனி கேட்டைப் பூட்டிவிட்டார்கள். சம்பளத் தகராறு. இன்றைக்குத் திறக்கும், நாளைக்குத் திறக்கும் என்று ஆண்கள் டீக்கடையில் உட்கார்ந்து தாடி வளர்த்தார்கள். அம்மா அதற்கெல்லாம் காத்திருக்கிற ஆள் இல்லை. தங்கச்சி பிறந்து எட்டு மாசம்தான் ஆகியிருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ராயபுரம் பக்கம் எறா கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டாள். நாள் முழுக்க ஐஸில் கிடக்கிற இறாலை உரிக்க வேண்டும். சாயங்காலம் வரும்போது விரல் நுனி எல்லாம் ஊறி வெளுத்து, அங்கங்கே வெடித்திருக்கும். படிகாரத் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டே அன்றைக்கு யாரிடம் சண்டை போட்டாள் என்று சிரித்துச் சிரித்துச் சொல்வாள். அவள் சிரிப்பு நாலு வீட்டுக்குக் கேட்கும்.

வீடு நைனாவிடம் வந்தது. சோறு, குழம்பு, தங்கச்சி, என் சடை எல்லாமே. முதல் வாரம் என் சடை கோணலாக இருந்தது. அப்புறம் அம்மா பின்னுவதைவிட அழுத்தமாகப் பின்ன ஆரம்பித்தார், சாயங்காலம் வரை ஒரு முடி கலையாது. குழாயடியில் பெண்கள் வரிசையில் இடுப்பில் குடமும் தோளில் குழந்தையுமாக நிற்பார். பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பார்கள். டீக்கடை ஆண்கள் அந்த அளவுக்குக்கூட மறைக்க மாட்டார்கள்.

"இன்னா மாமு, இன்னிக்கி இன்னா கொயம்பு?"

"காரக்கொயம்பு. ஒரு கை கொறையுது, வந்து வெங்காயம் உரிச்சிக் குடுக்குறியா?" என்பார் நைனா. முகத்தில் சிரிப்பே இருக்காது. கேட்டவன்தான் தலையைக் குனிந்துகொள்வான். ஆனாலும் அந்தப் பேச்செல்லாம் அவருக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டிருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஐப்பசி மழை இரண்டு பாட்டம் பெய்து புல் பச்சை கட்டியபோதுதான் அந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. முதலில் வாயை மூடிக்கொண்டு யாரோ முனகுகிற மாதிரி வரும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, டுர்ர்ர்ர் என்று அதிர்ந்து, சட்டென்று நிற்கும். தூரத்தில் ஒரு பைக் போவது போலவே இருக்கும். நாங்கள் இருந்ததோ பைக் கம்பெனிக்குப் பக்கம். செய்து முடித்த வண்டியைப் பகலெல்லாம் ஓட்டிப் பார்ப்பார்கள். எங்கள் ஏரியாவில் பிறந்த குழந்தைக்கு அம்மா குரலுக்கு அடுத்தபடி தெரிந்தது பைக் சத்தம்தான். அதனால் மனைக்குள் டுர்ரென்று கேட்டதும் எங்கள் ஆட்களுக்கு வேறு யோசனையே வரவில்லை.

"எவனோ வண்டியத் திருடியாந்து புதருக்குள்ள வச்சிகினு ஸ்டார்ட் பண்ணிப் பாக்குறான்" என்றார் வாட்ச்மேன். "கண்டுபுட்ச்சிக் குடுக்கலன்னா என் வேலைக்கு ஆப்பு."

வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்த ஆண்களுக்கு இதைவிடப் பெரிய விருந்து வேண்டுமா? ஆளுக்கொரு கழியோடு கிளம்பினார்கள். பத்துப் பதினைந்து பேர், பின்னால் நாங்கள் பிள்ளைகள். இந்தப் பக்கம் டுர்ரென்று கேட்கும், ஓடுவார்கள். சத்தம் நிற்கும். அந்தப் பக்கம் கேட்கும், திரும்பி ஓடுவார்கள். "இஞ்சின ஆஃப் பண்ட்டான் பாரு, கில்லாடிப் பய" என்று ஒருவர் பாராட்டக்கூடச் செய்தார். பெட்ரோல் வாசனை வருகிறது என்று இன்னொருவர் சத்தியம் செய்தார். நம்பிவிட்டால் மூக்கும் கூடச் சேர்ந்து சாட்சி சொல்லும்.

நைனாவும் போயிருந்தார், தோளில் தங்கச்சியோடு. வீட்டில் விட்டுப் போக ஆள் இல்லை. நடுவில் ஒரு புல் புதர் பக்கம் போனவர் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார். குனிந்து பார்த்தார். பின்னாலேயே கழிகள் வந்துகொண்டிருந்தன. நைனா கையை நீட்டி, "யாரும் வராதீங்க, பாம்பு கீது, பெருசு" என்றார்.

அத்தனை பேரும் வந்த வழியே பறந்தார்கள். வாட்ச்மேன்தான் முதலில் சுவரைத் தாண்டினார். பைக் கதை அன்றோடு முடிந்தது.

எனக்கு மட்டும் மறுநாள் மத்தியானம் காட்டினார். "மூச்சு வுடாம வா" என்றார். நான் பார்த்தேன், பார்த்தேன், மண்ணும் புல்லும்தான் தெரிந்தது. "நீ பாக்குற எடத்துலதான் கீது" என்றார். அப்புறம் மண்ணுக்கு ஒரு கண் இருப்பது தெரிந்தது. வெளுத்த மஞ்சள் கண், சிமிட்டாத கண். அந்தக் கண்ணைப் பிடித்துக்கொண்டு மற்றதைச் சேர்த்தேன். என் உள்ளங்கை அளவு உடம்பு, காய்ந்த புல்லும் மணலும் கலந்த நிறம், மார்பில் மெல்லிய கருப்புக் கோடுகள். தலைக்கு மேல் புல்லை இழுத்து வளைத்துக் கூரை மாதிரி வைத்திருந்தது. நாங்கள் நின்ற இடத்திலிருந்து ஒரு எட்டுதான். அது பறக்கவில்லை, அசையவில்லை. நெஞ்சு மட்டும் படபடவென்று அடிப்பது தெரிந்தது. பயம் இல்லாமல் ஒன்றும் உட்கார்ந்திருக்கவில்லை. அவ்வளவு பயத்தோடும் உட்கார்ந்திருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

இன்னொன்றும் இருந்தது. அது கொஞ்சம் பெரியது, தொண்டையிலிருந்து மார்பு வரை மை பூசியது போல் கருப்பு. புதருக்கு வெளியே மணலில் முன்னும் பின்னும் ஆடி ஆடி நடக்கும், ஒரு எட்டு வைப்பதற்கு முன் ரெண்டு தரம் யோசிப்பது போல. பிறகு தொண்டையை உப்பிக்கொண்டு டுர்ர்ர்ர். எங்கள் பைக் அதுதான். ஈர மணலில் அதன் கால் தடத்தைப் பார்த்தால் முன்விரல் மூன்று மட்டும்தான் இருக்கும். பின்விரலே கிடையாது. அதுகளுக்கு என்ன பெயர் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் டுர்ரு என்று பெயர் வைத்தேன், அதுவே நின்றுவிட்டது.

பெரியது சேவல், சின்னது பெட்டை என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. வெளியே சத்தம் போடுகிறவன் வீட்டுக்காரன், உள்ளே முட்டை மேல் கிடப்பவள் வீட்டுக்காரி. நைனாவுக்கும் இதில் சந்தேகம் இல்லை என்பதைத்தான் இப்போது நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். தினமும் மத்தியானம் தங்கச்சியைத் தோளில் தூங்கவைத்தபடி அந்தப் பக்கம் நடப்பார். புதரைப் பார்த்து, "இன்னா தாயி, துன்னியா? உன் ஊட்டுக்காரன் ஊர் சுத்தப் பூட்டானா?" என்று மெதுவாக விசாரிப்பார்.

கார்த்திகை பிறந்த சமயம் அத்தையும் மாமாவும் ஊரிலிருந்து வந்தார்கள். அத்தை நைனாவுக்கு அக்கா. மூன்று பையன்களை வளர்த்து ஆளாக்கியவள், பெண் குழந்தை என்றால் உயிர். மாமா கடை வைத்திருந்தார். ஒரு ஓலைப்பெட்டி கருப்பட்டியும் ஒரு பொட்டலம் கருவாடும் கொண்டுவந்திருந்தார். காசிமேட்டுக்காரிக்குக் கருவாடு. கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை என்று அம்மா அப்புறம் சொல்லிச் சிரித்தாள்.

அவர்கள் வந்தபோது நைனா கல்லில் தங்கச்சியின் துணியை அலசிக்கொண்டிருந்தார். அத்தை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னலே இது கோலம்?"

"பிள்ள துணிக்கா. இந்தா அலசிட்டு வாரேன், உள்ள போய் உக்காருங்க."

"அவ எங்க?"

"வேலைக்குப் போயிருக்கா."

அத்தை அழுதுவிட்டாள். கெட்ட மனசுக்காரி இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தம்பி ராஜா மாதிரி இருக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள். பெண்பிள்ளைத் துணியை நடுப்பகலில், தெரு பார்க்க அவன் பிழிவதை அவளால் தாங்க முடியவில்லை. அம்மா வேலை முடிந்து வந்து காபி போட்டுக் கொடுத்ததும் விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

"சின்னத நான் கொண்டு போறேன். கம்பெனி தொறக்கட்டும், அப்புறம் பாக்கலாம். ஆம்பள கையில பச்சப்பிள்ள எப்படிம்மா வளரும்?"

அப்புறம் பார்க்கலாம் என்பதற்கு எங்கள் சொந்தத்தில் என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியும். அப்படிப் போன பிள்ளை எதுவும் திரும்பி வந்ததில்லை. அங்கேயே பேசப் பழகி, அங்கேயே சடங்காகி, கல்யாணப் பத்திரிகை வைக்க வரும்போது பெற்றவளை யாரோ சித்தியைப் பார்ப்பது போல் பார்க்கும்.

அம்மா படிகாரத் தண்ணீரிலிருந்து கையை எடுக்கவில்லை. "அவரு இன்னா சொல்றாரோ அதான் அண்ணி" என்றாள். பஸ் கண்டக்டரிலிருந்து கங்காணி வரை ஒருவரையும் விட்டுவைக்காத அம்மாவுக்கு அன்றைக்குக் குரலே வரவில்லை. வேலைக்குப் போகிறவள் பிள்ளையைப் பற்றிப் பேச உரிமை இல்லாதவள் என்று அவளும் நம்பியிருந்தாள் போல.

நைனா தரையைப் பார்த்துக்கொண்டே, "சரிக்கா" என்றார்.

எனக்கு அவர் மேல் அப்படி ஒரு ஆத்திரம். மறுநாள் சடை பின்னும்போது கேட்டேன், "தங்கச்சியக் குடுத்துடுவியா நைனா?"

"அங்க வூட்டுல மாடு கீது. பாலு கீது. அத்த நல்லாப் பாத்துக்கும்."

"நீ நல்லாப் பாத்துக்கலையா?"

அன்றைக்குப் பின்னின சடை வலித்தது.

அத்தையும் மாமாவும் ஒரு வாரம் இருந்துவிட்டுக் கிளம்புவதாக ஏற்பாடு. மாமாவுக்குப் பட்டணத்தில் பொழுது போகவில்லை. கடையில் உட்கார்ந்த நேரம் போக ஊரில் பனங்காட்டில் கண்ணி வைத்துக் காடை பிடிப்பவர். மனையில் டுர்ரு கேட்டதும் காதைத் தீட்டிவிட்டார். நைனா புதரைக் காட்டி, வேண்டாம் அத்தான் என்று கெஞ்சினார்.

"நான் என்ன முறை தெரியாதவனா மாப்ள?" என்றார் மாமா. "அடையில கெடக்கிற பொட்டையத் தொட்டா குடும்பத்துக்கே ஆகாது. எங்க ஐயா காலத்துல இருந்து நாங்க அதைத் தொட்டதில்ல. வெளிய திரியுதே, கருந்தொண்டச் சேவல், அதத்தான் பிடிப்பேன். சேவல் போனா முட்டைக்கு என்ன கொறச்சல்?"

முறை சரியான முறைதான். முட்டை மேல் இருப்பது தாய், அதை விட்டுவிடு. இந்த ஒரு நியாயத்தை நம்பித்தான் அவர் சாயங்காலம் கண்ணி வைத்தார். மறுநாள் மத்தியானத்துக்குள் கருந்தொண்டை சிக்கிக்கொண்டது.

பின்பக்கம் கிணற்றடியில் அத்தை அதை அரிந்து சுத்தம் செய்தாள். நைனா தோளில் தங்கச்சியோடு அம்மியில் மிளகு அரைத்துக்கொண்டிருந்தார், அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நான் கோபமாகக் கிணற்றுச் சுவரில் சாய்ந்து நின்றேன். திடீரென்று அத்தையின் கை நின்றது.

"ஏங்க, இங்க வாங்க."

அவள் உள்ளங்கையில் ஒரு முட்டை இருந்தது. ஓடு கட்டிய முழு முட்டை. சாம்பல் வெள்ளையில் செம்பழுப்புப் புள்ளிகள், புதருக்குள் அது இரை தேடப் போன நேரம் நாங்கள் எட்டிப் பார்த்த நாலு முட்டைகள் போலவே. அன்றோ மறுநாளோ இட்டிருக்க வேண்டியது.

மாமா முட்டையைப் பார்த்தார், பட்சியைப் பார்த்தார், மனைப் பக்கம் பார்த்தார். "அப்ப முட்டையில கெடக்கது யாரு?" என்றார்.

அந்த நேரம் பார்த்து அம்மா வேலையிலிருந்து உள்ளே வந்தாள். அன்றைக்கு எறா வரத்து இல்லையென்று சீக்கிரம் அனுப்பிவிட்டார்களாம். மாமா கேட்டது காதில் விழுந்தது, முட்டையைப் பார்த்தாள், நடந்தது புரிந்துவிட்டது.

"வேற யாரு, அதுங்க அப்பன்தான்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

மாமா ஒத்துக்கொள்ளவில்லை. ரெண்டும் பெட்டையாக இருக்கும் என்றார். ரெண்டும் பெட்டை என்றால் முட்டை எப்படி என்று அத்தை கேட்டதும் கண்ணியை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார். அந்தப் பட்சியை யாரும் சமைக்கவில்லை. நைனா அதை முட்டையோடு சேர்த்து முருங்கைக்கு அடியில் புதைத்தார். அன்றைக்கு எல்லாரும் ரசம்சோறு சாப்பிட்டோம்.

"பட்சிக்கு அப்படி விதிச்சிருக்கலாம்" என்றாள் அத்தை சாப்பிட்டுக்கொண்டே. யாரும் அவளிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை. "மனுசனுக்கு ஆகுமா?"

இப்போது என் பேத்தி செல்போனில் தேடிக் காட்டிவிட்டாள். எல்லாம் நேர் தலைகீழாம். கருந்தொண்டைதான் பெண். தொண்டை உப்பிக் கூப்பிடுவதும், இன்னொரு பெண்ணோடு மல்லுக்கு நிற்பதும் அவள் வேலை. ஒரு கூட்டில் முட்டையிட்டுவிட்டு அடுத்த ஜோடியைத் தேடிப் போய்விடுவாளாம். அடைகாப்பதும் வளர்ப்பதும் முழுக்க அப்பன் பொறுப்பு. இன்னொரு சேதி அதைவிட எனக்குப் பிடித்தது. பார்க்கக் காடை மாதிரி இருந்தாலும் காடைக்கும் இதற்கும் உறவே இல்லையாம். கடற்கரையில் ஓடுகிற உள்ளானுக்கும் கடற்காக்கைக்கும்தான் தூரத்துச் சொந்தமாம். காசிமேட்டு வகையறா என்று சொல்லுங்கள்.

அப்போது எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. முட்டை மேல் இருப்பது அப்பன்தான் என்றால், ஜோடியும் செத்துப்போன பிறகு அது எழுந்து போய்விடும் என்றுதான் மாமா நினைத்தார். மறுநாள் காலையில் முதல் வேலையாகப் போய்ப் பார்த்தார். அது அதே இடத்தில், அதே கண்ணோடு உட்கார்ந்திருந்தது. அதற்கப்புறம் அந்த மனுஷன் மனையை விட்டு நகரவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்று காக்காயையும் நாயையும் விரட்டினார். நேற்றுக் கண்ணி வைத்தவர் இன்றைக்குக் காவல். "பாவத்துக்குப் பரிகாரம் பண்றாரு" என்று அம்மா காதுபடவே சொன்னாள். அவர் கண்டுகொள்ளவில்லை.

அதற்கடுத்த நாள் மழை பிடித்துக்கொண்டது. நம் ஊர் கார்த்திகை மழை தெரியுமே, வானத்தில் ஓட்டை விழுந்த மாதிரி. மனையில் தண்ணீர் தேங்கிப் புதர்ப் பக்கம் ஏற ஆரம்பித்தது. நைனா தங்கச்சியை அத்தை கையில் கொடுத்துவிட்டு, வெறுங்கையால் மணலை வாரி ஒரு வாய்க்கால் இழுத்தார். புதரை நெருங்காமல், சுற்றி வளைத்து, சுவர் இடிந்த பக்கமாக. மாமா எதிர்ப்பக்கம் மண்டிபோட்டு வாரினார். வேட்டியெல்லாம் சேறு.

அத்தை ஒரு கையில் குடையும் ஒரு கையில் தங்கச்சியுமாக வந்து நின்றாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். புல் கூரை சரிந்து மழை நேராக அதன் முதுகில் விழுந்தது. இறகெல்லாம் ஒட்டிப்போய் எலிக்குஞ்சு அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஒரு எட்டுத் தூரத்தில் இரண்டு மனுஷர்கள் மண்ணை வாரி இறைக்கிறார்கள். அது இரண்டு பக்கமும் இறக்கையைக் கொஞ்சம் தாழ்த்தி, முட்டை நனையாமல் அணைத்துக்கொண்டதே தவிர எழுந்திருக்கவில்லை.

"எந்திரிக்கவே மாட்டேங்குதே" என்றாள் அத்தை. அதை ரெண்டு தரம் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மழைத் தண்ணீராகவும் இருக்கலாம்.

மழை விட்டு வெயில் வந்த காலையில் குஞ்சுகள் வெளியே வந்துவிட்டன. மாமாதான் ஓடிவந்து கூப்பிட்டார். நான் என் வாழ்க்கையில் எத்தனையோ பார்த்துவிட்டேன், இரண்டு பிரசவம் உட்பட. அவ்வளவு சின்ன உயிரைப் பார்த்ததில்லை. கருவண்டு அளவுதான் ஒவ்வொன்றும். பிறந்த அன்றே ஓடின. அப்பன் ஆடி ஆடி முன்னால் நடந்தது. மண்ணைக் கிளறி ஏதோ ஒரு பூச்சியை எடுத்து, அதைக் கீழே போடாமல் அலகிலேயே வைத்துக்கொண்டு நின்றது. ஒரு குஞ்சு ஓடிவந்து எம்பி அலகிலிருந்து வாங்கிக்கொண்டது. அடுத்ததற்கு அடுத்த பூச்சி. யாருக்குக் கொடுத்தோம், யாருக்குக் கொடுக்கவில்லை என்று அதற்குத் தெரிந்திருந்தது. நடுவில் வானத்தில் பருந்து நிழல் போனது. சின்னதாக ஒரு சத்தம் கொடுத்தது, நாலும் அதன் இறக்கைக்குள் காணாமல் போயின. பார்த்த இடத்தில் மறுபடியும் மண்ணும் புல்லும்தான்.

மத்தியானத்துக்குள் குடும்பம் ரயில் பாதைப் பக்கத்து அடர்ந்த புல்லுக்குள் போய்விட்டது. அப்புறம் நாங்கள் பார்க்கவில்லை.

மறுநாள் அவர்கள் கிளம்பும் நாள். அம்மா வேலைக்குப் போகவில்லை. தங்கச்சியைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு, இருப்பதில் நல்ல கவுனை மாட்டியிருந்தாள். துணிகள் மடித்து அத்தையின் பையில் இருந்தன. வாசலில் ரிக்‌ஷா நின்றது. அத்தை தங்கச்சியை இடுப்பில் வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, ஒரு நிமிசம்" என்றார் நைனா. "காலையில முழிச்சதும் தானா சிரிக்கும். உடனே தூக்கிராதீங்க. சிரிச்சு முடிக்கட்டும்."

"சரிலே."

"கஞ்சி ஆறிப்போனா துப்பிரும். சூடா இருந்தாலும் துப்பிரும். புறங்கையில விட்டுப் பாத்துட்டுக் குடுங்க. வலது காதுல சீழ் இருக்கு, அந்தப் பக்கமாப் படுக்கப் போட்டா அழும். தூளிய ஆட்டக்கூடாது. கயித்தப் பிடிச்சு லேசா அதிரவிட்டாப் போதும்."

அத்தை தலையாட்டினாள்.

"குளிப்பாட்டுறப்ப தலைக்குக் கடைசியாத்தான் தண்ணி ஊத்தணும். முதல்லயே ஊத்துனா பயந்துக்கும். இருட்டுக்குப் பயம் கிடையாது, ஆனா வெளிச்சம் பட்டுனு போனா பயம். வெளக்க அணைக்குமுன்னால, அணைக்கப் போறேன்னு அதுகிட்டச் சொல்லிட்டு அணைங்க. புரிஞ்சிக்கிடும்."

அவர் குரலில் அழுகை எல்லாம் இல்லை. ஷிஃப்ட் முடிந்து போகிறவன் அடுத்து வருபவனிடம் மிஷினைப் பற்றிச் சொல்வது போல, ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்ற கவனம் மட்டும்தான். அம்மா கதவுப் பக்கம் நின்று சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். அவள் முதுகு குலுங்கியது.

அத்தை மெதுவாகக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "இன்னும் இருக்கா?" என்றாள்.

"கொஞ்சம் இருக்குக்கா. பல்லு வரப்போவுது, அதனால விரலக் கடிக்கும். கடிக்க விடுங்க, இழுத்துக்கிட்டா ஏமாந்துபோவும்."

அத்தை தங்கச்சியைப் பார்த்தாள். அது அப்போது அவள் சுண்டுவிரலைத்தான் கடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கடிக்க விட்டாள். அப்புறம் எழுந்து, பிள்ளையை நைனாவின் தோளில் சாய்த்துவிட்டாள்.

"இந்தா, நீயே வச்சிக்கலே. மூணு பிள்ள பெத்து வளத்தவ நான். எனக்கு இவ்வளவு ஞாபகம் நிக்காது."

நைனாவுக்குப் புரியவில்லை. பிள்ளையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, இன்னொரு கையை அவளிடம் நீட்டி, "இல்லக்கா, விடியறதுக்கு முன்னால ஒருவாட்டி எந்திரிக்கும், அத நான் இன்னும் சொல்லலியே" என்றார்.

மாமா பையைத் திறந்து, தங்கச்சியின் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தார். நைனா இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.